முப்பதுக்கு முப்பது வாங்கிய அக்தர் பேகம்

பம்மலில் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கள் இரண்டாயிரத்து ஏழாம் வருஷத்தில் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். பேப்பரில் விளம்பரம் கொடுத்தார்கள், கம்ப்யூட்டரில் பெயர் பதிந்தார்கள். எல்லாம் செய்து அலுத்த பிறகு அக்தர் பேகத்தின் வீட்டுக் கதவை வந்து தட்டினார்கள். மொதல்லயே வந்திருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும் என்று கேட்டுக்கொண்டேதான் அவள் கதவைத் திறப்பாள்.

ஐம்பத்து நாலு வயது. ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. கக்கத்தில் ரெக்ஸின் பை, காலில் ஷேர் ஆட்டோ பிடிக்க ஓடி ஓடித் தேய்ந்த செருப்பு. பல்லாவரத்திலிருந்து காட்டாங்குளத்தூர் வரைக்கும் எந்த வீட்டில் கல்யாண வயதில் யார் இருக்கிறார்கள், யாருக்கு யார் சித்தி மகன், எந்த இரண்டு குடும்பம் எந்தக் கல்யாணத்தில் முறைத்துக்கொண்டது, எல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. பையில் போட்டோக்களும் வெற்றிலையும் மட்டும்தான். கணவர் காலமான பிறகு அந்தத் தலையை வைத்துத்தான் மகள் கைனாத்தை பி.எஸ்சி. வரை படிக்க வைத்தாள்.

தொழிலில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நோயை மறைத்து நிக்காஹ் பேச மாட்டாள். பையனுக்கு வலிப்பு வந்ததா, பெண்ணுக்கு இழுப்பு உண்டா என்று துருவிக் கேட்பாள். கேட்டதை மறுதரப்பில் அப்படியே போட்டு உடைத்துவிடுவாள். “சொல்லிட்டேன். இஷ்டம் கீதா, மேல பேசு. இல்லியா, இப்பவே வுட்ரு” என்பாள்.

இந்தப் பிடிவாதத்தால் பட்டவர்களில் ஒருத்தி காட்டாங்குளத்தூர் பதுருன்னிசா. அவளுடைய மூத்த மகளுக்குக் கணுக்காலில் ஒரு வெள்ளைத் தழும்பு. சேலை மறைத்துவிடும் இடம்தான். நிச்சயம் வரைக்கும் வந்த ஒரு வரனிடம் அக்தர் பேகம் அதைச் சொல்லப்போக, அந்த வரன் கலைந்தது. பதுருன்னிசா வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அதே அக்தர் பேகம்தான், தழும்பு இருப்பது தெரிந்தே சம்மதித்த ஒரு மாப்பிள்ளையைத் தேடிக் கொண்டுவந்தாள். அந்தப் பெண் இப்போது ஆம்பூரில் சௌக்கியமாக இருக்கிறாள்.

சரி, ஊருக்கெல்லாம் முடித்தவள் தன் பெண்ணுக்கு முடிக்க வேண்டாமா? கைனாத்துக்கு அவள் மனதில் வைத்திருந்தது பதுருன்னிசாவின் மகன் ஜமீரைத்தான். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை, அடக்கமான பையன். பதுருன்னிசா வந்தாள், பெண்ணைப் பார்த்தாள், கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள். அப்புறம் டீ கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை கேட்டாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க அக்தர். உங்க அம்மாவுக்கு அறுபது ஆகறதுக்குள்ள நெனப்பு போச்சு. இப்ப உங்க அக்கா ஜுலைகாவுக்கும் போச்சுன்னு சொல்றாங்க. அடுத்தது யாருன்னு மனசுக்குள்ள ஒரு யோசனை ஓடுது.”

அக்தர் பேகத்துக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எப்படி வரும்? முப்பது வருஷமாக அவள் எல்லா வீட்டிலும் கேட்ட கேள்வி அது. அக்கா ஜுலைகா முடிச்சூரில் மகன் வீட்டில் இருந்தாள். நாலு வருஷத்துக்கு முன்பு வரை ஊரைக் கட்டி ஆண்டவள், இப்போது சொந்தப் பேரனைப் பார்த்து நீ யார் வூட்டுப் புள்ள என்று கேட்கிறாள். “நீங்க கேட்டதுல தப்பே இல்லக்கா. பதிலோட வர்றேன்” என்று சொல்லி அக்தர் பேகம் பதுருன்னிசாவை அனுப்பி வைத்தாள்.

அந்தப் பதில் தானாகவே வீடு தேடி வந்தது. கொண்டுவந்தவர் அவளுடைய அண்ணன் சௌகத் அலி. பம்மலில் தோல் வியாபாரம் பார்க்கிறவர், ஜுலைகாவைத் தாம்பரத்தைத் தாண்டி ஒரு மருத்துவமனைக்குக் காட்டக் கூட்டிப்போகிறவரும் அவர்தான். அங்கே டாக்டர் ஸ்ரீநிவாசராகவன் என்பவர் ஓர் ஆராய்ச்சி நடத்தினார். வயதாகும் முன்பே நினைவு குறைந்தவர்களின் கூடப்பிறந்தவர்களை அழைத்து, ரத்தம் எடுத்து, மூளையை ஸ்கேன் செய்து, ஞாபகத்துக்கு ஒரு பரீட்சை வைப்பார்கள். நோய் வெளியே தெரிவதற்குப் பல வருஷம் முன்பே மூளையில் மாற்றம் தொடங்கிவிடுகிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். சௌகத் அலி போய்விட்டு வந்து சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்.

“முப்பதுக்கு இருபத்தெட்டு வாங்கினேன்மா.”

பரீட்சை என்ற சொல் காதில் விழுந்ததும் அக்தர் பேகத்துக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சைக்கு முதல் நாள் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். அதற்கப்புறம் யாரும் அவளை எந்தப் பரீட்சைக்கும் கூப்பிடவில்லை. இப்போது ஒரு டாக்டர் கூப்பிடுகிறார். முப்பதுக்கு முப்பது வாங்கிவிட்டால் அந்த மார்க்கைக் கொண்டுபோய் பதுருன்னிசா முன்னால் வைக்கலாம், கைனாத்தின் கல்யாணம் முடிந்தது. கணக்கு அவ்வளவு சுலபம்.

“அண்ணே, இன்னா இன்னா கேட்டாங்க? ஒண்ணு விடாம சொல்லு.”

அவர் சொன்னார். மனுஷருக்கு நல்ல ஞாபகம், எல்லாவற்றையும் சொன்னார். தேதி, கிழமை, மாசம் கேட்பார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். பதினொன்று பத்து காட்டும் கடிகாரம் வரையச் சொல்வார்கள். முக்கியமாக, ஐந்து வார்த்தை சொல்லி, வேறு வேலை கொடுத்துவிட்டு, ஐந்து நிமிஷம் கழித்து அந்த ஐந்தையும் திரும்பக் கேட்பார்கள். சங்கு, பூசணி, ஊஞ்சல், தபால்காரர், ஊதா.

இதைத் தப்பு என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை, அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். முன்வாசல் அறையில் கைனாத் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். வருஷா வருஷம் மார்ச் மாதத்தில் முக்கியமான கேள்வி எது, போன தடவை வந்தது எது என்று குறித்துக் கொடுத்து நெட்டுரு போட வைப்பதுதான் அவள் வேலை. கேள்வி கையில் கிடைத்த பிறகும் படிக்காமல் போகிறவளை அந்தத் தெருவில் லூசு என்பார்கள். கைனாத் அன்று சாயந்திரமே அம்மாவைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு பாயில் உட்கார வைத்தாள்.

தெருவே சேர்ந்து படித்தது. தண்ணீர் லாரி வந்ததும் பக்கத்து வீட்டு அங்காளம்மாள் நீல டிரம்மை உருட்டிக்கொண்டே கேட்பாள்.

“பாயம்மா, அஞ்சு வார்த்தை சொல்லு, அப்பால குடத்த வை.”

“சங்கு, பூசணி, ஊஞ்சல்… ஊதா.”

“போஸ்ட்மேன வுட்டுட்ட. பின்னால போய் நில்லு.”

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அக்தர் பேகமும் சிரித்துக்கொண்டே பின்னால் போய் நின்றாள். சிரிக்காதவள் கைனாத் ஒருத்திதான். டியூஷனில் படு மக்குப் பையன்கூட ஐந்து வார்த்தையை இரண்டு தடவையில் பிடித்துவிடுவான். ஊர் முழுக்க வம்சாவளி சொல்லும் அம்மாவுக்கு வாரக்கணக்கில் ஆனது. காலையில் ஒப்பிப்பாள், நடுவில் யாராவது வந்து ஒரு வரன் பேசிவிட்டுப் போனால் ஐந்தும் துடைத்தாற்போல் போய்விடும். பழைய உறவு முறை ஒன்றும் போகவில்லை, புதிதாகப் போட்டதுதான் நிற்கவில்லை. கைனாத்துக்குப் பெரியம்மா ஜுலைகாவின் நினைப்பு வந்தது. ஆனாலும் வாயைத் திறக்காமல் இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று சொல்ல வைத்தாள்.

பரீட்சை நாளன்று அக்தர் பேகம் பெருநாளுக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டாள். பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறியதிலிருந்து உதடு அசைந்துகொண்டே இருந்தது. எதிரே உட்கார்ந்த பூக்காரம்மா, அல்லாஹ்வின் பெயரைத் தஸ்பீஹ் ஓதுகிறாள் என்று நினைத்துக் காலை மடக்கி மரியாதையாக உட்கார்ந்தாள்.

ஸ்கேன் என்றால் ஊசி மாதிரி ஏதோ என்று நினைத்திருந்தாள். கம்மலையும் வளையலையும் கழற்றி வாங்கிக்கொண்டு ஒரு குழாய்க்குள் தள்ளினார்கள். தட தட என்று ஒரே சத்தம். பம்மல் டேனரியில் தோலைப் பதனிட உருட்டும் டிரம் பக்கத்தில் வளர்ந்தவளுக்கு இதெல்லாம் ஒரு சத்தமா? உள்ளே படுத்துக்கொண்டு அந்தத் தடதடப்புக்குத் தாளம் சேர்த்து சங்கு, பூசணி, ஊஞ்சல் என்று ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ரத்தம் எடுக்கும்போது ஒரு கேள்வி கேட்டார்கள். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் மரபணுவில், இந்த நோய்க்கான ஆபத்தைக் கூட்டும் ஒரு வகை உண்டு, அது உங்களிடம் இருந்தால் தெரிந்துகொள்ள விருப்பமா, வேண்டாமென்றால் சொல்ல மாட்டோம் என்றார்கள். “முப்பது வருஷமா நான் அடுத்தவங்கள இத்தத்தான் கேட்டுகினு கீறேன். எனக்குச் சொல்லாம யாருக்குச் சொல்லப்போறீங்க?” என்றாள் அக்தர் பேகம்.

கடைசியில் பரீட்சை. வினிதா என்ற சின்னப் பெண்தான் நடத்தினாள். தேதி பளிச்சென்று வந்தது. ஏழு ஏழாகக் கழித்ததில் வினிதாவே விரல் விட்டு எண்ணிச் சரிபார்க்க வேண்டியிருந்தது. கடிகாரத்துக்கு அக்தர் பேகம் சங்கிலி கூட வரைந்தாள். ஐந்து வார்த்தை கேட்டபோது மூச்சு விடாமல் ஒப்பித்து, வேண்டுமானால் பின்னாலிருந்தும் சொல்கிறேன் என்றாள்.

“ஆன்ட்டி, முப்பதுக்கு முப்பது. இங்க இதுவரைக்கும் யாரும் வாங்கல” என்றாள் வினிதா.

சென்டம். அக்தர் பேகத்துக்குத் தரையில் கால் பாவவில்லை. தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் லட்டு வாங்கினாள். தெருவில் ஒரு வீடு விடாமல் கொடுத்தாள். அங்காளம்மாள் தன் வீட்டுக்காரர் துளசிங்கத்தை எழுப்பி, “நீயும் கீறியே, காலைல வச்ச கண்ணாடிய சாயங்காலம் தேடிகினு” என்று சொல்லி அவர் வாயில் லட்டைத் திணித்தாள்.

அடுத்த நாளே லட்டோடு காட்டாங்குளத்தூர் பயணம். மூளையின் படம் பதிந்த பெரிய கறுப்பு ஃபிலிமை மருத்துவமனையில் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். பதுருன்னிசாவின் வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் தூக்கிப் பிடித்து, கல்யாண ஆல்பம் காட்டுகிறவளைப் போல ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்துக் காட்டினாள். அதில் என்ன இருக்கிறதென்று அவளுக்கும் தெரியாது, பதுருன்னிசாவுக்கும் தெரியாது. மார்க் மட்டும் இரண்டு பேருக்கும் புரிந்தது.

“மாஷா அல்லாஹ்” என்றாள் பதுருன்னிசா. “எனக்கு இனி ஒரு யோசனையும் இல்ல. நோன்பு முடிஞ்சு ஷவ்வால் மாசத்துல வெச்சுக்கலாம். தேதி அப்புறமா பேசிக்கலாம்.”

இப்படியாக எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று கையைக் கழுவிக்கொண்டு எழுந்திருக்கலாம். டாக்டர் ஸ்ரீநிவாசராகவன் விட்டால்தானே!

அவர் அக்தர் பேகத்தைத் தனியாகக் கூப்பிட்டு அனுப்பினார். கைனாத்தும் கூட வந்தாள். டாக்டருக்கு நாற்காலியில் உட்காரவே முடியவில்லை, அவ்வளவு உற்சாகம். விளக்கு எரியும் பலகையில் இரண்டு ஃபிலிம்களைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்.

“இதோ பாருங்கம்மா. காதுக்கு உள்பக்கம், ரெண்டு பக்கமும், சுண்டு விரல் அளவுக்கு ஒரு பகுதி. புதுசா கேக்கற விஷயமெல்லாம் மனசுல பதியறதுக்கு இது வேணும். இது உங்க வயசுல இன்னொரு அம்மாவோடது. நல்லா தடிமனா இருக்கு. இது உங்களோடது.”

அக்தர் பேகம் எட்டிப் பார்த்தாள். அவளுடையது வாடிய வெண்டைக்காய் போல மெலிந்திருந்தது.

“ரத்தத்துலயும் அந்த வகை மரபணு ஒண்ணு இருக்கு. உங்க அம்மாகிட்ட இருந்து வந்திருக்கலாம். பயப்படாதீங்க, இது இருந்தா நோய் வந்தே தீரும்னு அர்த்தம் இல்ல. முடிச்சூர் பக்கம் பள்ளத்துல வீடு கட்டினவங்களுக்கு எல்லா மழைக்கும் தண்ணி உள்ள வருதா?”

“ரெண்டாயிரத்தஞ்சுல வந்துச்சு. அக்கா வூட்ல கட்டில் வரைக்கும்.”

“வந்துச்சு. அதே தெருவுல சில வீட்டுக்கு வரல. ஆனா மேட்டுல இருக்கறவங்கள விடப் பள்ளத்துல இருக்கறவங்களுக்கு வாய்ப்பு ஜாஸ்தி, அவ்வளவுதான். உங்க பொண்ணுக்கும் இது வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம், பாதிக்குப் பாதி.” டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டு ரகசியம் போலச் சொன்னார். “ஆச்சரியம் அது இல்லம்மா. மரபணு இருக்கு, மூளைல அந்த இடமும் சுருங்கியிருக்கு, அப்படியும் நீங்க முப்பதுக்கு முப்பது. இது எப்படி? உங்க வேலைதான் காரணமோன்னு நெனைக்கறேன். இத்தனை குடும்பத்த மனசுல வெச்சிருக்கீங்களே, அது உங்களக் காப்பாத்துது. இத எழுதப்போறேன். உங்க அக்கா பசங்க வந்தா, இந்தப் பகுதி சுருங்கினாலும் பயமில்லன்னு உங்களக் காட்டி தைரியமா சொல்லப்போறேன்.”

அக்தர் பேகத்துக்கு அந்த நேரத்தில் பெருமைதான் வந்தது, பொய் சொல்வானேன். கைனாத் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரயிலில் வரும்போது, “நான் அதிசயமாம்டி” என்று அம்மா மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை, இதை ஏற்கெனவே சொன்னது தெரியாமல்தான் சொன்னாள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை இடி விழுந்தது. குரோம்பேட்டை வரன் ஒன்று, நல்ல வரன். பையன் வீட்டுப் பெண்கள் சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு தாம்பரத்தில் ஒரு பெண்ணைப் பார்க்கப் போனார்கள், அக்தர் பேகம் கூடவே போய் உட்கார்ந்திருந்தாள். அப்போது போன் வந்தது. பேசியவர் பள்ளிக்கரணையில் ஒரு பெண்ணின் தகப்பனார்.

“என்னம்மா, குரோம்பேட்டைக்காரங்க நம்ம வூட்டுக்கு வர்றாங்கன்னு சொன்னீங்க. பொண்ணு அலங்காரம் பண்ணி உக்காந்துகினு கீது. சொந்தக்காரங்க வந்து கூடிட்டாங்க. எங்க வந்துகினு கீறீங்க?”

அக்தர் பேகத்துக்கு அந்த வீட்டில் பேசிய நினைவே இல்லை. மறந்துபோச்சு என்றால்கூட, ஆமாம் சொன்னேனே என்று எங்கோ ஒரு மூலையில் உறைக்கும். இது அப்படி இல்லை. அந்தப் பேச்சே நடக்காதது போல இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் போட்டோ பையில் இருந்தது. ஒரு பெண் பூ வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டார் எட்டிப் பார்க்க, வராத மாப்பிள்ளை வீட்டுக்காகக் காத்திருக்கிறாள். முப்பது வருஷத்தில் இப்படி ஓர் அவமானத்தை எந்தப் பெண்ணுக்கும் அக்தர் பேகம் கொடுத்ததில்லை. அன்று பள்ளிக்கரணைக்குப் போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் கைனாத்தைக் கூப்பிட்டாள்.

“எனக்குப் பாடம் சொல்லிக் குடுத்தியே, உனக்கு முன்னாடியே தெரியுமா?”

கைனாத் அழுதேவிட்டாள். “தெரியும்மா. நீங்க ஆசையா படிச்சீங்க. கல்யாணம் வேற. எனக்குச் சொல்ல வாய் வரல.”

“அழாதே. நீ மறைச்சது என் நோய. நான் மறைச்சது மூணு வூட்டுக்கு.” அக்தர் பேகம் விரல் விட்டாள். “பதுரு அக்கா வூடு. ஜுலைகா புள்ளைங்க வூடு. அந்த டாக்டர், பாவம், என்ன நம்பி எழுத வேற போறாரு. கணுக்கால் தழும்பயே மறைக்காதவ நான். மூளைய மறைப்பனா?”

மறுநாள் காலையில் டாக்டரின் அறையில் போய் நின்றாள். அவர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார், அவளைப் பார்த்ததும், “அந்த அம்மாவே வந்துட்டாங்க” என்று சொல்லிப் போனை வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு. அதைக் கெடுக்க அக்தர் பேகத்துக்கு மனசு வரவில்லை. இருந்தாலும் போட்டு உடைத்தாள். அண்ணன் கேள்வி சொன்னது, மகள் பாடம் நடத்தியது, தண்ணீர் லாரி வரிசை, அங்காளம்மாள், எல்லாம்.

டாக்டரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். ஐயோ, மனுஷருக்கு என்ன செய்துவிட்டோம் என்று அக்தர் பேகம் பதறினாள். அவருடைய தோள் குலுங்கிற்று. நிமிர்ந்தபோதுதான் அவர் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

“ஞாபகப் பரீட்சைக்கு டியூஷன்” என்றார் அவர். “எங்களுக்கு இது தோணவே இல்ல பாருங்க. கூடப்பிறந்தவங்களுக்கு ஒரே கேள்விய வெச்சது எங்க தப்பு. நீங்க சொல்லாம விட்டிருந்தா, இந்தச் சுருக்கத்துக்கு அர்த்தமே இல்லன்னு நான் ஊருக்கெல்லாம் எழுதியிருப்பேன்.”

“என் மார்க்க அடிச்சிடுங்க டாக்டர். வேற கேள்வி இருந்தா குடுங்க. இன்னிக்கே எழுதறேன், படிக்காம எழுதறேன்.”

வேறு கேள்விகள் இருந்தன. வினிதா வந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை என்ன வரும் என்று தெரியாது. விந்தையைக் கேளுங்கள், அக்தர் பேகத்துக்கு முதல் தடவையை விட இப்போதுதான் பரபரப்பு அதிகமாக இருந்தது. முதல் தடவை வந்தது ஒப்பிக்கிற பரபரப்பு. இது நிஜப் பரீட்சை. கடிகாரம் சரியாக வந்தது, கழித்தல் சரியாக வந்தது, மிருகங்களின் பெயரைக் கேட்டதற்கு வண்டலூரில் இருப்பதையெல்லாம் அடுக்கினாள். பிறகு அந்த ஐந்து வார்த்தை. வினிதா கேட்டதும் வாயைத் திறந்தாள். ஒன்று வந்தது, குடை. மற்ற நாலும் வரவில்லை. இருட்டு அறைக்குள் சுவரைத் தடவுவது போலத் தடவிப் பார்த்தாள், கையில் எதுவும் தட்டவில்லை.

“பரவால்ல ஆன்ட்டி” என்றாள் வினிதா.

“இரும்மா, அவசரப்படாத. குடை… குடைதான். எழுதிக்கோ.”

கேட்ட வாக்கியத்தைத் திருப்பிச் சொல்வதிலும் சில மார்க் போயிற்று. முப்பதுக்கு இருபத்து மூன்று. டாக்டர் இப்போது ஃபிலிமையும் மார்க்கையும் சேர்த்து வைத்துப் பார்த்து, இரண்டும் ஒத்துப்போகிறது என்றார். இதை நோய் என்று சொல்ல மாட்டேன், ஞாபகம் லேசாகத் தளரத் தொடங்கிய நிலை, சிலருக்கு இப்படியே நிற்கும், சிலருக்கு மெதுவாக இறங்கும், வருஷா வருஷம் வாருங்கள், தினமும் நடங்கள், பிரஷரைக் கவனியுங்கள், பேசிய வரனை அன்றைக்கே மகளிடம் சொல்லி வையுங்கள் என்றார். அடுத்த வருஷ மார்க்கை எதோடு ஒப்பிடுவது என்றால் இந்த இருபத்து மூன்றோடுதான் என்றும் சொன்னார்.

“அப்ப இது செல்லுமா டாக்டர்?”

“இதுதாம்மா செல்லும்.”

தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் அக்தர் பேகம் லட்டுக் கடை முன்னால் நின்றுவிட்டாள். கைனாத்துக்குப் புரியவில்லை. “இதுக்கு எதுக்கும்மா லட்டு?” என்றாள். அக்தர் பேகம் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு, எதிர்ப்பக்கம் செங்கல்பட்டு ரயிலில் ஏறினாள்.

பதுருன்னிசா கதவைத் திறந்ததும் உள்ளே போகவில்லை, வாசலிலேயே நின்று ஆரம்பித்தாள்.

“அக்கா, முப்பதுன்னு சொன்னனே, அது உருப்போட்டு வாங்குனது. இன்னிக்கு எனக்குத் தெரிஞ்சத எழுதினேன், இருபத்து மூணு. மூளைல அந்த இடம் சுருங்கிப் போச்சு. அம்மாகிட்ட இருந்து வந்திருக்கலாம்னு சொல்ற மரபணு என் ரத்தத்துல கீது. எனக்கு வரலாம், வராமயும் போலாம். கைனாத்துக்கும் அது வந்திருக்கலாம், வராமயும் இருக்கலாம், அவளுக்கு இன்னும் பாக்கல. சொல்லிட்டேன். இஷ்டம் கீதா…” அதற்கு மேல் முப்பது வருஷமாகச் சொன்ன வாக்கியம் வரவில்லை. சொந்தப் பெண் பக்கத்தில் நிற்கும்போது அதை முடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிந்தது.

பதுருன்னிசா கைனாத்தைப் பார்த்தாள். லட்டுப் பெட்டியைப் பார்த்தாள்.

“அன்னிக்கு முப்பதுக்கும் லட்டு குடுத்தீங்க. இதுக்குமா?”

“அது சௌகத் அண்ணன் கேள்வி, கைனாத் பதில். நான் வெறும் வாய்தான். இந்த இருபத்து மூணு நானே எழுதி வாங்கினதுக்கா. பள்ளிக்கூடத்த வுட்டப்புறம் நான் எழுதின மொத பரீட்சை.”

பதுருன்னிசா பெட்டியைப் பிரித்து ஒரு லட்டை எடுத்தாள். பாதியைப் பிட்டுக் கைனாத்தின் வாயில் வைத்தாள், மீதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

“என் பொண்ணு கால் தழும்ப நீங்க மறைச்சிருந்தா எனக்கு அன்னிக்கு நல்லாத்தான் இருந்திருக்கும். நானும் உங்கள எவ்வளவு திட்டினேன். ஆனா இன்னிக்கு ஆம்பூர்ல எம் பொண்ணு யாருக்கும் பயந்து கால மூடிக்கிட்டுத் திரியல. ஜமீருகிட்டயும் நாளைக்கு நீங்களே இதச் சொல்லிடுங்க. அவன் வேணாம்னு சொல்லமாட்டான், எனக்குத் தெரியும். உள்ள வாங்க, தேதிய முடிச்சிடுவோம்.”

நவம்பர் நாலு, ஞாயிற்றுக்கிழமை என்று முடித்தார்கள். அப்புறம் டீ வந்தது. பிரியாணி சமைக்க எந்தப் பண்டாரி, மழை வந்தால் பந்தலுக்கு என்ன செய்வது, ஜுலைகாவை யார் பக்கத்தில் உட்கார வைப்பது என்று பேச்சு நீண்டது. கிளம்பும்போது கேட் வரைக்கும் வந்த பதுருன்னிசா, விளையாட்டாகத்தான் கேட்டாள்.

“எங்க, தேதி சொல்லுங்க பாப்போம்.”

“நவம்பர்” என்றாள் அக்தர் பேகம் சட்டென்று. “ஞாயித்துக்கிழமை.” அப்புறம் நின்றாள். கைனாத் வாயைத் திறக்கப் போனாள், அக்தர் பேகம் கையைக் காட்டி நிறுத்தினாள். தேடினாள். நன்றாகத் தேடினாள். இல்லை.

சொந்த மகளின் நிக்காஹ் தேதி. கேட்டில் கை வைத்தபடி பதுருன்னிசாவின் முகத்தை நேராகப் பார்த்து, “இல்லக்கா. போயிடுச்சு” என்றாள்.

பதுருன்னிசா அவளுடைய கையைக் கேட்டிலிருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“நாலாம் தேதி. அத நான் ஞாபகம் வெச்சுக்கறேன். நீங்க பொண்ணக் கூட்டினு வந்து சேருங்க, போதும்.”